கூகுளாண்டவரும் கொஞ்சம் ஜப்பானிய மொழியும்

மொதல்லயே சொல்லிடறேன், இது கூகுள் ட்ரான்ஸ்லேட்டைத் திட்டற பதிவு இல்ல. பொட்டி தட்டிப் பொழைக்கற எனக்கு அதைத் திட்டற அருகதையும் கிடையாது. காலைல ஆபீசுக்குள்ள நுழைஞ்சதும் ஜப்பான்ல இருந்து வந்து குவிஞ்சு கிடக்கற மெயிலையெல்லாம் அது இல்லாம படிச்சு முடிக்கணும்னா, என் மதியச் சாப்பாடு சாயங்காலம் நாலு மணிக்குத்தான். என் சண்டை வேற இடத்துல.

கொஞ்ச நாளா ஒரு வசனம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. "அதான் டூல் இருக்கே, எதுக்குய்யா மெனக்கெட்டு மொழி படிக்கணும்?" எங்க ஆபீஸ்ல (பேரெல்லாம் வேணாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறேன்) இதையே காரணமாச் சொல்லி, வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் நடந்துக்கிட்டிருந்த ஜப்பானிய வகுப்புக்கு மூடுவிழா நடத்திட்டாங்க. எதிர் கோஷ்டி ஒண்ணு இருக்கு, மொழி சொல்லிக்குடுக்கற வாத்தியாருங்க. அவங்களுக்கு டூலைத் தொட்டாலே தீட்டு. "அதுல கை வெச்சா உனக்கு மொழியே வராது"ம்பாங்க.

ரெண்டு கோஷ்டியும் ஒரு விஷயத்தைக் கண்டுக்கவே மாட்டேங்குது. அந்த டூல் நமக்கு ஜப்பானிய மொழியைக் காட்டறது ஆங்கிலக் கண்ணாடி வழியா. நம்ம கையில அதைவிட நல்ல கண்ணாடி ஒண்ணு சும்மா கிடக்கு. அதுக்குப் பேரு தமிழ்.

உதாரணம் சொன்னாத்தான் புரியும். ஜப்பான்ல வீட்டை விட்டுக் கிளம்பறவங்க "இத்தெ கிமாஸ்" னு சொல்லிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாங்க. இதை டூல்ல போட்டா எனக்கு வந்தது "ஐ ஆம் லீவிங்". சரி, நம்ம மொழிக்கு மாத்துவோம்னு தமிழைத் தேர்ந்தெடுத்தா "நான் கிளம்புகிறேன்". தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா "இத்தெ"ன்னா போய். "கிமாஸ்"னா வரேன். அட, போயிட்டு வரேன்! வீட்டுக்குள்ள இருந்து பதிலுக்கு வர்ற "இத்தெராஷ்ஷாய்" அப்படியே நம்ம "போயிட்டு வாங்க". வெளிய கிளம்பும்போது "போறேன்"னு சொன்னா கரண்டியைத் தூக்கிக்கிட்டு வர்ற பாட்டி எந்த ஊர்ல இல்ல? அந்தப் பாட்டிக்கு ஒரு நொடியில புரியற விஷயத்தை, ஒரு இன்ஜினியரிங் பட்டதாரி "ஐ ஆம் லீவிங்"னு உருப்போட்டுக்கிட்டு இருக்கான்.

(ஒரு எச்சரிக்கை: தமிழ் எழுத்துல க, த, ப எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஒலி. நான் இங்க எழுதியிருக்கறதை வெச்சு உச்சரிப்பு பழகிடாதீங்க. காதால கேட்டுப் பழகுங்க.)

ஏன் இப்படி ஆகுதுங்கறதுக்குக் கொஞ்சம் சரித்திரம். கூகுள் ட்ரான்ஸ்லேட் 2006 ஏப்ரல்ல வந்துச்சு. அப்ப அது இலக்கணமெல்லாம் படிக்கல. ஐ.நா. சபை, ஐரோப்பிய நாடாளுமன்றம் மாதிரி இடங்கள்ல ஒரே ஆவணத்தைப் பல மொழியில போடுவாங்கள்ல, அதையெல்லாம் கொட்டி, எந்தச் சொல்லுக்குப் பக்கத்துல எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு புள்ளிவிவரமாக் கணக்குப் போட்டுச்சு. தமிழ் அதுல சேந்தது 2011 ஜூன்ல. இந்த முறைக்கு ஒரே சேதியை ரெண்டு மொழியிலயும் சொல்ற வாக்கியங்கள் லட்சக்கணக்குல, கோடிக்கணக்குல வேணும். ஆங்கிலத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் இருக்கு. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஏதோ இருக்கு. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும்? எங்க போறது? அதனால ஜப்பானிய மொழியில இருந்து ஆங்கிலம், ஆங்கிலத்துல இருந்து தமிழ். மதுரைல இருந்து தேனிக்குப் போக சென்னை வந்து பஸ் மாறுன கதை.

2016 நவம்பர்ல ஜப்பானிய மொழிக்கு நியூரல் முறை வந்துச்சு, 2017 ஏப்ரல்ல தமிழுக்கு. தரம் ஒரே தாவா மேல போச்சு, அதுல சந்தேகமே இல்ல. நேரடியாப் பயிற்சி குடுக்காத ஜோடியைக்கூட மொழிபெயர்க்க வைக்கலாம்னு அதே 2016ல கூகுள் ஆளுங்க ஜப்பானிய, கொரிய மொழிகளை வெச்சு ஒரு ஆய்வுக்கட்டுரையும் போட்டாங்க. ஆனா பயிற்சிக்குக் கிடைக்கற தரவுல ஒரு பக்கம் பெரும்பாலும் ஆங்கிலம்தான் உக்காந்திருக்கு. ரோடு மாறுனாலும் மணம் மாறல.

இதுல ஒரு தமாஷ் என்னன்னா, புள்ளிவிவரக் காலத்துல ஆங்கிலத்தை ஜப்பானிய மொழிக்கு மாத்தறது பெரிய தலைவலி. ஆங்கிலத்துல வினை நடுவுல, ஜப்பானிய மொழியில கடைசியில. 2010ல என்.டி.டி. ஆய்வாளர்கள் ஒரு எளிமையான வித்தை பண்ணாங்க. மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே ஆங்கில வாக்கியத்தைப் பிரிச்சு, வினையையெல்லாம் கடைசிக்குத் தள்ளிட்டு, அப்புறம் மொழிபெயர்த்தாங்க. அதாவது "ஐ புக் பாட்" மாதிரி! நாம பொறந்ததுல இருந்து "நான் புத்தகம் வாங்கினேன்"னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம். மெஷினுக்குத் தனியாச் சொல்லிக்குடுக்க வேண்டியிருந்தது நமக்கு ஓசியில கிடைச்சிருக்கு.

வாக்கிய வரிசை மட்டும்னா நான் இவ்ளோ நீட்டி முழக்க மாட்டேன். சரக்கு இருக்கறது துணைவினைல. நம்ம ஊர்ல "சாப்பிட்டுப் பாத்தேன்"னு சொல்றோம். யாராவது சாப்பாட்டைக் கண்ணால பாத்தேன்னு அர்த்தம் பண்ணிப்பாங்களா? அங்கயும் "தாபெத்தெ மித்தா". "தாபெத்தெ" சாப்பிட்டு, "மித்தா" பாத்தேன். அதே "பார்". டூல் தர்றது "ஐ ட்ரைட் இட்". அதைப் பாத்த பையன், முயற்சிக்கு ஜப்பானிய மொழியில என்னன்னு அகராதியில தேடப் போயிடுவான். தேவையே இல்ல. "பேசிப் பார்", "போட்டுப் பார்", "கேட்டுப் பார்" எல்லாம் அவன் நாக்குலயே இருக்கு.

"வாங்கி வை" இருக்கே, விருந்தாளி வர்றாங்க, முன்கூட்டியே வாங்கி வைன்னு சொல்றோம்ல, அது "கத்தெ ஒக்கு". "ஒக்கு"ன்னா வைக்கறது. இதே சொல்லைத்தான் மேசை மேல புத்தகம் வைக்கறதுக்கும் சொல்லுவாங்க, நாம சொல்ற மாதிரியே. டூல் "பை இட்" னு சொல்லிட்டுப் போயிடும், ரொம்ப நல்ல மூடுல இருந்தா "இன் அட்வான்ஸ்" சேர்க்கும். "தூங்கிட்டேன்"ல வர்ற "-ட்டேன்" இருக்கே, வேணும்னு பண்ணல, ஆயிப்போச்சுங்கற அந்த அசடு வழியற தொனி, அது "நெத்தெ ஷிமாத்தா"ல அச்சு அசலா இருக்கு. ஆங்கிலத்துல "ஐ ஃபெல் அஸ்லீப்". தொனி எங்கயோ விழுந்துடுச்சு.

"இரு" விஷயம் இன்னும் வேடிக்கை. ஜப்பானிய மொழியிலயும் அது "இரு"தான். (ஒலி ஒத்துப்போறது தற்செயல். இதை வெச்சு ஜல்லி அடிக்க வேணாம்.) ஆங்கிலம் வழியாப் படிக்கறவங்களுக்கு வினையோட "தெ இரு" வந்தா அது "-இங்"னு சொல்லித்தர்றாங்க. "தாபெத்தெ இரு" சாப்பிட்டுக்கிட்டிருக்கான், சரி. ஆனா "கித்தெ இரு"? "-இங்" சூத்திரப்படி வந்துக்கிட்டிருக்காரு. நிஜத்துல வந்திருக்காரு, இங்கதான் உக்காந்திருக்காரு. "ஷிந்தெ இரு"ன்னா செத்துக்கிட்டிருக்கு இல்ல, செத்துக் கிடக்கு. ஆங்கிலம் வழியா வர்றவங்க இதைத் தனி விதியா மனப்பாடம் பண்ணுவாங்க. "வந்திருக்காரு"ன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு இங்க படிக்க பெருசா ஒண்ணும் இல்ல.

எல்லாத்துக்கும் சிகரம் ஒண்ணு இருக்கு. "கைத்தெ மொராவ்". இதைத்தான் வகுப்புல எல்லாரும் பாத்து மிரளுவாங்க. "ஐ ஹேட் ஹிம் ரைட் இட் ஃபார் மீ"ன்னு டூல் தரும். அந்த வாக்கியத்துல யார் எழுதுனா, யாருக்கு நன்மை, எழுவாய் யாருன்னு பிரிச்சு மேய்றதுக்குள்ள ஆயுசு போயிடும். "கைத்தெ" எழுதி. "மொராவ்" வாங்கு. "ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா"ன்னு எத்தனை தடவை கேட்டிருப்போம்! எழுதறது அவரு, வாங்கறது நாம, வாக்கியத்துக்குச் சொந்தக்காரனும் நாமதான். முடிஞ்சது பாடம். தமிழ்ல இது எல்லா வினையோடயும் வராது, எழுதி வாங்கறது, கையெழுத்துப் போட்டு வாங்கறது மாதிரி சிலதுல மட்டும்தான். ஆனா கதவு திறக்க ஒரு சாவி போதும்ல.

வாங்கறதைச் சொல்லிட்டு கொடுக்கறதைச் சொல்லாம விடலாமா? ஆங்கிலத்துல எல்லாம் "கிவ்". ஜப்பானிய மொழியில எனக்கோ என் ஆளுங்களுக்கோ வந்தா "குரெரு", மத்தவங்களுக்குப் போனா "அகெரு". ஆங்கிலம் வழியாப் படிக்கறவங்க அம்புக்குறி படமெல்லாம் போட்டுப் படிப்பாங்க. நம்ம தொல்காப்பியர் கிளவியாக்கத்துல இதே கணக்கைப் போட்டு வெச்சிருக்காரு. "தா" தன்மைக்கும் முன்னிலைக்கும், "கொடு" படர்க்கைக்கு. இன்னைக்குத் தமிழ்ல கலந்துபோச்சு, ஆனா மலையாள நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்க, "தருக", "கொடுக்குக" ரெண்டையும் அவங்க மாத்திச் சொல்ல மாட்டாங்க. இன்னொரு இடத்துல "ஈ", "தா", "கொடு" மூணையும் யாரு யாரைப் பாத்துச் சொல்லணும், சின்னவனா, சமமானவனா, பெரியவனான்னு பிரிச்சிருக்காரு. ஜப்பானிய மொழியிலயும் கொடுக்கறதுக்குத் தகுதிக்கேத்த மாதிரி தனித்தனிச் சொல் இருக்கு. பொறியியல் படிச்ச நான் எச்சவியலையெல்லாம் புரட்டுனது ஜப்பானிய மொழி படிக்கப் போய்தான். பத்தாங் கிளாஸ் தமிழய்யா கேட்டா மயக்கம் போட்டுடுவாரு.

இதே மாதிரிதான் "புரியும்". ஆங்கிலத்துல "ஐ அண்டர்ஸ்டாண்ட் ஜாப்பனீஸ்". நான் எழுவாய், மொழி செயப்படுபொருள். இந்த அச்சுல ஜப்பானிய வாக்கியம் வார்த்தா, "ஐ" உருபுக்குச் சமமான "ஒ"வைக் கொண்டுபோய் மொழிப் பேரு பின்னாடி ஒட்டுவீங்க. அங்க "கா"தான் வரணும். ஏன்னு கேட்டா விதிவிலக்குன்னு ஒரு பட்டியல் தருவாங்க: புரியும், பிடிக்கும், வேணும், முடியும்... ஒரு நிமிஷம் நில்லுங்க. "எனக்கு ஜப்பானிய மொழி புரியும்". "எனக்கு இட்லி பிடிக்கும்". "எனக்குப் பணம் வேணும்". "என்னால முடியும்". எங்கயாவது "இட்லியை"ன்னு கட்டாயம் வருதா? அவங்க விதிவிலக்குப் பட்டியல்தான் நம்ம அன்றாடப் பேச்சு.

"யார்"க்கு "தாரெ". "யாரும் வரல"ன்னா "தாரெ"யோட "மொ" சேரும். அந்த "மொ"தான் நம்ம "உம்", "நானும்"ல வர்ற அதே "உம்". "யாரோ"ன்னா "தாரெகா". அந்த "கா" கேள்விக்கும் வரும். "முருகன்ங்கிற ஆள்"ல வர்ற "ங்கிற" இருக்கே, அதுக்கு "தொ யூ". "நேத்து வாங்கின புத்தகம்" அப்படியே "கினோ கத்தா ஹொன்", நடுவுல "விச்", "தட்" எதுவும் கிடையாது. சொல்லிக்கிட்டே போகலாம், பதிவு நீண்டுடும். ஈழத்து நண்பர்களுக்கு மட்டும் இன்னொண்ணு. ஜப்பானிய மொழியில சுட்டு மூணு: "கொரெ" இது, "அரெ" அது, நடுவுல "ஸொரெ", கேக்கறவர் பக்கத்துல இருக்கறது. தமிழ்நாட்டுல நாங்க தொலைச்சுட்டு நிக்கற "உது" உங்க வாய்ல இன்னும் உயிரோட இருக்கு. இந்தப் பாடத்துல நீங்க எங்களுக்கு ஒரு வருஷம் சீனியர்.

அப்புறம் இரட்டைக்கிளவி. நெஞ்சு "தொக்கிதொக்கி"ன்னு அடிச்சுக்கும், நட்சத்திரம் "கிராகிரா"ன்னு மின்னும், சுவர் "ஜராஜரா"ன்னு இருக்கும், வெண்டைக்காய் "நெபாநெபா". டூல்ல போட்டா "ஸ்டிக்கி", "ரஃப்"னு உலர்ந்து வந்து விழும். படபட, மினுமினு, சொரசொர, கொழகொழன்னு எழுதி வெச்சுக்கிட்டா, ஒரு தடவை பாத்தது மறக்காது.

இவ்ளோ சொன்னதும் ஒரு கூட்டம் விசிலடிச்சுக்கிட்டு வரும்னு தெரியும். "அப்ப ஜப்பானிய மொழி தமிழ்ல இருந்துதானே வந்துச்சு!" ஐயா சாமி, ஆளை விடுங்க. சுசுமு ஓனோன்னு ஒரு பெரிய ஜப்பானிய அறிஞர், 2008ல காலமானாரு, ரெண்டு மொழிக்கும் உறவு இருக்குன்னு வருஷக்கணக்கா எழுதினாரு. யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோட சேந்து உழைச்சாங்க. உழைப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா மொழியியலாளர்கள் பெரும்பாலானவங்க அந்த உறவை ஏத்துக்கல. எனக்கு அந்தப் பஞ்சாயத்தே தேவையில்ல. ரெண்டு பேர் வீட்டு வரைபடம் ஒரே மாதிரி இருந்தா அவங்க அண்ணன் தம்பியா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா இருட்டுல கூட எனக்கு அந்த வீட்டுல சமையக்கட்டு எங்கன்னு தெரியும், அவ்ளோதான் என் கட்சி.

அந்த வீட்டுல இடிச்சுக்கற இடமும் உண்டு. "வா"வுக்கும் "கா"வுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தமிழ் உதவாது. எழுவாய்க்கு நம்மகிட்ட உருபே இல்ல. மரியாதைல நம்ம பழக்கம் நேர் எதிரா இழுக்கும். "எங்க மேனேஜர் சொன்னாரு"ன்னு க்ளையன்ட்டுகிட்ட சொல்றது நமக்கு இயல்பு. ஜப்பான்ல வெளியாள் முன்னாடி நம்ம மேனேஜருக்கு மரியாதைச் சொல் போட்டா அது நாகரிகக் குறைவு. "ஸான்" கூட சேர்க்காம மொட்டையாப் பேரைச் சொல்லி, தாழ்த்திக்கிற வினையில சொல்லணும். தமிழ் நாக்குக்கு இது சாமானியத்துல வராது. காஞ்சி எழுத்து... ச்சே, கன்ஜி எழுத்து பத்திப் பேசவே வேணாம். அன்றாடப் பயன்பாட்டுக்குன்னு அரசாங்கம் 2010ல வெளியிட்ட பட்டியல்லயே 2136 இருக்கு. அதுக்கு எந்தக் கண்ணாடியும் கிடையாது, முதுகு ஒடியணும்.

இப்ப ஆபீஸ் கதைக்கு வருவோம். பேசறது வெறும் ரசனை பத்தின்னு நெனச்சுடாதீங்க. ஜப்பான் புராஜெக்ட் எடுக்கற இடங்கள்ல "ப்ரிட்ஜ் எஸ்.ஈ."ன்னு ஒரு வேலை உண்டு. அந்தப் பக்கம் க்ளையன்ட், இந்தப் பக்கம் டெவலப்பர், நடுவுல பாலம். மொழி தெரிஞ்ச இன்ஜினியர். வகுப்பை மூடுனா அந்த வேலைக்கு இங்க இருக்கற பசங்க வளர மாட்டாங்க. ஆணி புடுங்கறதோட நின்னுடுவாங்க. "டூல் பாத்துக்கும்"ங்கறவங்களுக்கு மூணே மூணு சொல்லைக் காட்டுவேன்.

ஒண்ணு, "ஒக்குரிமாஷ்த்தா". முழு வாக்கியம் அவ்ளோதான். ஜப்பானிய மொழியில எழுவாயை விட்டுடுவாங்க, வினையிலயும் நம்மள மாதிரி "ஏன், ஆன், ஆர்" விகுதி கிடையாது. ஆங்கிலத்துக்கு எழுவாய் இல்லாம வாக்கியமே நிக்காது. அதனால டூல் ஒரு ஆளைப் புடிச்சு உக்கார வைக்கும், "ஐ சென்ட் இட்"னு. அனுப்புனது அவரா, அவங்க இன்னொரு டிபார்ட்மென்ட்டா? மூலத்துல இல்லாத ஒரு "நான்" மொழிபெயர்ப்புல முளைச்சு நிக்குது, படிக்கறவனுக்கு அது முளைச்சதுன்னே தெரியாது. தமிழ்ல "அனுப்பியாச்சு"! ஆள் பேரு இல்ல, விகுதி இல்ல. எவ்ளோ தெரியுமோ அவ்ளோதான் சொல்லுது. "யாரு அனுப்புனா?"ன்னு திருப்பிக் கேக்கணும்னு தோணவாவது செய்யும்.

ரெண்டு, "கென்த்தோ ஷிமாஸ்". டூல்: "வீ வில் கன்சிடர் இட்". இதைப் பாத்துட்டு அடுத்த மாசம் வேலை ஆரம்பம்னு ப்ளான் போடற ஆளுங்க உண்டு. தாலுக்கா ஆபீஸ்ல "பரிசீலிக்கிறோம்"னு சொன்னா வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவோம்? பொண்ணு பாத்துட்டுப் போனவங்க "கலந்து பேசிட்டு சொல்றோம்"னா? எல்லா நேரமும் மறுப்புன்னு இல்ல, ஆனா பெரும்பாலும் கதவு சத்தமில்லாம சாத்தப்படுது. இந்தக் காதை டூல் தராது. மூணு, "தைஜோபு தெஸ்". "காபி?" "தைஜோபு தெஸ்". வேணுமா வேணாமா? டூல் "இட்ஸ் ஓகே"ங்கும். கொண்டுவந்து குடுத்துடுவீங்க. "பரவால்லைங்க"ன்னு மனசுக்குள்ள போட்டுப் பாருங்க. காபி வேணாம்.

அப்ப டூலை என்னதான் பண்றது? தூக்கிப் போடணுமா? நான் பண்றதைச் சொல்றேன். மெயில் வந்தா மொதல்ல டூல் இல்லாம, அரைகுறையா, ஜப்பானிய வரிசையிலயே தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதுவேன். பேச்சுத் தமிழ்ல, எழுத்துத் தமிழ் இதுக்கு ஒத்துவராது, துணைவினையெல்லாம் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைச்சுக்கும். அப்புறம்தான் டூலைத் திறப்பேன். அது தர்ற ஆங்கிலமும் என் தமிழும் எங்க முட்டிக்குதோ அங்க மட்டும் நிப்பேன். சில சமயம் நமக்குச் சொல் தெரியாததால முட்டும், சில சமயம் டூல் ஆள் சேர்த்ததால முட்டும். கத்துக்கறது அந்த முட்டுச்சந்துலதான்.

எழுதறதுக்கு டூலை வாத்தியாரா வெச்சுக்கறது ஆபத்து. காரணம் அது முட்டாள்ங்கறது இல்ல, ரொம்ப நல்லவன்ங்கறது. உருபைத் தப்பாப் போட்டு ஒரு ஜப்பானிய வாக்கியம் எழுதி ஆங்கிலத்துக்கு மாத்திப் பாருங்க. நீங்க சொல்ல வந்ததை ஊகிச்சு, தப்பை மன்னிச்சு, அழகான ஆங்கிலம் தந்துடும். திரும்பி வந்த அர்த்தம் சரியா இருக்கறதால எழுதுனதும் சரின்னு ஆகாது. நமக்கு வேணுங்கறது காதைத் திருகற ஆள். இது தலையைத் தடவிக் குடுக்கற ஆள்.

வாக்கியத்தையே முழுங்கித் துப்பற டூலைவிட, சொல்லுக்குச் சொல் கை குடுக்கற டூல் படிக்கறவனுக்கு நல்லது. ஒரு காலத்துல ஃபயர்ஃபாக்ஸ்ல ரிக்காய்ச்சான்னு ஒண்ணு இருந்துச்சாம், எலியைச் சொல் மேல வெச்சா அர்த்தம் மட்டும் மிதக்கும். இப்ப யோமிட்டான் அதே வேலையைப் பண்ணுது. வாக்கியத்தைக் கட்டற வேலை நம்மகிட்டயே இருக்கும். அதேபோல கூகுள்ல அந்த ஸ்பீக்கர் பொத்தான், கேமராவைக் காட்டுனா போர்டைப் படிக்கற வசதி, இதெல்லாம் தங்கம். வாய்விட்டுப் புகழ எனக்குக் கூச்சம் இல்ல.

"சாட்ஜிபிடிகிட்ட தமிழ்லயே இலக்கணம் கேக்கலாமே"ன்னு நீங்க கேக்கறது புரியுது. கேக்கறேன். ஆனா "தெ மிரு"வை விளக்குன்னு பொதுவாக் கேட்டா, ஆங்கிலப் பாடப்புத்தக விளக்கத்தைத் தமிழ்ச் சொல்லுல தரும், "ஒரு செயலை முயற்சி செய்தல்"னு. "செஞ்சு பார்-னு நாங்க சொல்றதுக்கும் இதுக்கும் எங்க ஒத்துப்போகும், எங்க போகாது"ன்னு நான் கேட்டப்பத்தான் பேச்சு சூடு பிடிச்சுது. அந்தக் கேள்வி எனக்குத் தோணணும். அதுவும் சில சமயம் இல்லாததை இருக்குன்னு அடிச்சுப் பேசும், ஆகவே இன்னொரு இடத்துல சரிபார்க்காம நம்பறதில்ல.

கடைசியா ஒரு காரியம். இந்த ஜப்பானிய அகராதித் தளங்கள், செயலிகள் பலதுக்கும் பின்னாடி இருக்கறது, ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகத்து ஜிம் பிரீன் 1991ல தொடங்கி வெச்ச இலவச அகராதித் தரவு. இதுல ஆங்கிலம் தவிர ஜெர்மன், ஃப்ரெஞ்சு, ரஷ்யன், டச்சு, ஹங்கேரியன் அர்த்தமெல்லாம் உண்டு. தமிழ் கிடையாது. நான் பாட்டுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆரம்பிச்சு, ஜப்பானியத் துணைவினை, இரட்டைக்கிளவி, அன்றாடச் சொல் ஒவ்வொண்ணுக்கும் நேரா பேச்சுத் தமிழ்ல ஒரு வரின்னு போட்டுக்கிட்டு வர்றேன். 140 வரி தாண்டியாச்சு. "யாப்பாரி"க்கு (டூல்: "ஆஸ் எக்ஸ்பெக்டட்") "நெனச்சேன்"னு போட்டிருக்கேன், ஆட்சேபனை இருந்தா சொல்லுங்க.

"நாத்ஸுகாஷீ"க்கு மட்டும் கட்டம் காலியா நிக்குது. ரொம்ப வருஷம் கழிச்சு சின்ன வயசுல தின்ன மிட்டாயை வாய்ல போட்டதும் கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைச் சொல்லா விடுவாங்களே, அது. டூல் "நாஸ்டால்ஜிக்"ங்குது. ஏக்கம் இல்ல, அதுல சந்தோஷம் தூக்கல். கரிசல்காட்டுப் பக்கமோ, கொங்கு நாட்டுலயோ, யாழ்ப்பாணத்துலயோ யாரு வீட்டுலயாவது இதுக்கு ஒரு சொல் புழக்கத்துல இருந்தா எழுதுங்க, ஊர்ப் பேரோட சேத்துடறேன்.